கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: திருப்பூரில் முதன்முதலாக ரெடிமேட் கடை வைக்கப் போகிறேன். 300 சதுர அடி, மாத வாடகை 40,000 ரூபாய், அட்வான்ஸ் 4 லட்சம். ரேக், கண்ணாடிக் கதவு, ஏசி, போர்டு என்று உள்வேலைக்கு 6 லட்சம் ஆகும். “11 மாத அக்ரிமென்ட் போடலாம், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்” என்கிறார் ஓனர். வாடகையை 38,000-க்குக் குறைக்கச் சொல்லிப் பேசிவருகிறேன். வேறு என்ன கேட்க வேண்டும்?

பதில்: வாடகை 2,000 குறைந்தால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் மிச்சம். உள்வேலைக்குப் போடும் 6 லட்சத்தை 11 மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள்: மாதம் 54,545 ரூபாய். வாடகையைவிட அதிகம்! அதையே 36 மாதத்துக்கு வகுத்தால் 16,667. நீங்கள் முதலில் பேரம் பேச வேண்டியது காலத்தை. வாடகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

11 மாதம் என்பது பதிவுச் செலவைத் தவிர்க்க வந்த பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பலரும் விழும் குழி, முத்திரைத்தாளில் ‘3 ஆண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதியாமல் விடுவது. தகராறு வந்தால் அந்த 3 ஆண்டு நிற்காது. மாத வாடகைக்கு இருப்பவராகத்தான் பார்க்கப்படுவீர்கள்.

பதிவுக்கு என்ன செலவாகும்? 3 ஆண்டு வாடகை 14.40 லட்சம், அட்வான்ஸ் 4 லட்சம், ஆக மொத்தம் 18.40 லட்சம். இதில் முத்திரைத் தீர்வை 1%, பதிவுக் கட்டணம் 1% என்று கிட்டத்தட்ட 37,000 ரூபாய் வரும். ஓனர் தயங்கினால் முழுச் செலவையும் நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். 6 லட்சத்துக்கு இது மலிவான காப்பு.

அடுத்தது லாக்-இன், அதாவது இடையில் விலகக் கூடாத காலம். “மூன்று ஆண்டுக்கு இரு தரப்பும் காலி செய்யக் கூடாது” என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நியாயமாகத் தெரியும், ஆனால் முதல் கடை ஆறே மாதத்தில் படுத்துவிட்டால் மீதி 30 மாத வாடகையும் உங்கள் தலையில் விழும். வாடகை பாக்கி, நிபந்தனை மீறல் இல்லாதவரை ஓனர் 3 ஆண்டுக்குக் காலி செய்யச் சொல்லக் கூடாது, நீங்கள் 2 மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று கேளுங்கள். ஒத்துவராவிட்டால் உங்களுக்கான லாக்-இன் 6 மாதத்தைத் தாண்டாமல் பாருங்கள்.

சாவி வாங்கிய நாளிலிருந்து வாடகை ஓடுமா, கடை திறந்த நாளிலிருந்தா என்பதையும் இப்போதே பேசுங்கள். ஆசாரி வேலை நடக்கும் 30 நாளுக்கு வாடகை வேண்டாம் என்று கேட்பது வழக்கம்தான், கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

கேள்வி: அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்கிறார்கள். சட்டப்படி மூன்று மாதம்தான் என்கிறார்களே? அக்ரிமென்ட்டில் பாதித் தொகையை மட்டும் எழுதலாம் என்கிறார் ஓனர்.

பதில்: 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017-இல் இயற்றியது) மூன்று மாத வாடகைக்கு மேல் காப்புத்தொகை கூடாது என்கிறது. ஆனால், ‘வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற அடைமொழியோடு. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பத்து மாதம்தான். ஆகவே சட்டத்தைப் பேரத்துக்குக் காட்டுங்கள். அதுவே காப்பாற்றும் என்று இருக்காதீர்கள்.

பாதித் தொகை எழுதும் யோசனைக்கு ஒரேயடியாக மறுத்துவிடுங்கள். 4 லட்சம் கொடுத்து 2 லட்சம் எழுதினால், திரும்பக் கேட்க உங்களிடம் இருப்பது 2 லட்சத்துக்கான காகிதம் மட்டுமே. முழுத் தொகையையும் வங்கி வழியாக அனுப்பி, பரிவர்த்தனை எண்ணை அக்ரிமென்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதே சட்டம். நடைமுறையில் “அடுத்த ஆள் வரட்டும், அவர் அட்வான்ஸில் தருகிறேன்” என்பார்கள். இதற்கு மருந்து ஒரே வரி: ‘காலி செய்ய நோட்டீஸ் கொடுத்தபின், கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம்; மீதியைக் கொடுத்த அன்றே சாவி.’ கட்டடத்தை விற்றால் வாங்குபவரே அட்வான்ஸைத் திருப்பித் தரப் பொறுப்பு என்ற வரியும் வேண்டும்.

பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது ஊர் வழக்கம். அப்படியானால் தொகையை எழுதிவிடுங்கள். ‘தேவையான பழுதுகளுக்கு’ என்று பொதுவாக விடாதீர்கள். சாவி வாங்கும் நாளில் ஷட்டர், தரை, கழிவறைக் குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நீங்கள் போடும் ஏசி, ரேக், இன்வெர்ட்டர், கண்ணாடிக் கதவு ஆகியவற்றை எடுத்துப்போகும் உரிமையைப் பட்டியலாக இணையுங்கள். சுவரில் பதித்தது கட்டடத்துக்கே சொந்தம் என்ற வாதம் கடைசி நாளில்தான் கிளம்பும்.

கேள்வி: ஆண்டுக்கு 10% வாடகை உயர்வா, மூன்றாண்டுக்கு ஒருமுறை 15% உயர்வா, எது லாபம்? ஜிஎஸ்டி தனி என்கிறார்களே?

பதில்: 40,000 ரூபாய் வாடகையில் ஆண்டுக்கு 10% என்றால் ஐந்தாம் ஆண்டில் 58,564. மூன்றாண்டு கழித்து 15% என்றால் 46,000. ஐந்தாண்டு மொத்தத்தில் வித்தியாசம் 3,86,448 ரூபாய். ‘மார்க்கெட் நிலவரப்படி’ உயர்வு என்ற சொல் மட்டும் எந்த வடிவிலும் வேண்டாம்.

ஓனர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரானால் கடை வாடகைக்கு 18%, அதாவது மாதம் 7,200 கூடும். நீங்கள் சாதாரண முறையில் பதிவு செய்தவரானால் அதை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருந்தால் அது முழுக்கச் செலவு. ஓனர் பதிவில்லாமல் நீங்கள் பதிவு பெற்றிருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை நீங்களே கட்ட வேண்டும் (காம்போசிஷன்காரர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இது இல்லை). ‘வாடகை ஜிஎஸ்டி உட்பட’ அல்லது ‘ஜிஎஸ்டி தனி’, இரண்டில் ஒன்று அக்ரிமென்ட்டில் இருக்கட்டும்.

கேள்வி: டோக்கன் கொடுக்கும் முன் எந்தெந்தக் காகிதங்களைப் பார்ப்பது?

பதில்: முதலில் கரண்ட் பில். கட்டண வகை 1-ஏ என்றிருந்தால் அது வீட்டு இணைப்பு. அதில் கடை நடத்தினால் மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள், கடையில் இருப்பவர் பெயரிலேயே நோட்டீஸ் வரலாம். வணிக இணைப்பு (வகை 5) வாங்கித் தருவது ஓனர் பொறுப்பு என்று எழுதுங்கள். இரண்டு ஏசி வைப்பதாயிருந்தால் இணைப்பின் கிலோவாட் அளவையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

அடுத்து வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்). பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வங்கி அடமானம் தெரிந்தால் வங்கியின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் நகராதீர்கள். ஓனர் கடன் கட்டத் தவறினால் வங்கி வந்து நிற்பது உங்கள் ஷட்டருக்கு முன்னால்தான். சொத்துவரி ரசீதில் பெயர் ஒருவர், வாடகை வாங்குபவர் இன்னொருவர் என்றால், ரசீதில் இருப்பவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவு செய்த பவர் பத்திரம் வேண்டும். ‘300 சதுர அடி’யை நீங்களே டேப் பிடித்து அளந்துவிடுங்கள், படிக்கட்டும் வராந்தாவும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

கேள்வி: பிரச்சினை வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? எங்கள் ஓனர் தண்ணீரை நிறுத்திவிட்டார்.

பதில்: கடை வாடகைத் தகராறு அங்கே பெரும்பாலும் எடுபடாது. போக வேண்டிய இடம் வாடகை அதிகாரி (துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்). தகராறே இருந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை ஓனர் நிறுத்தக் கூடாது. மனு கொடுத்தால் உடனே திருப்பித் தரும்படி வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போடலாம். இதற்கு உங்கள் ஒப்பந்தம் tenancy.tn.gov.in தளத்தில் பதிவாகி எண் பெற்றிருக்க வேண்டும். இது சார்பதிவாளர் பதிவிலிருந்து வேறு. 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது உண்டு. ஓனர் செய்யாவிட்டால் நீங்களே விண்ணப்பிக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி ஓனர் உங்களை வெளியேற்றக் கோரவும் மேலே சொன்ன வாடகைச் சட்டம் இடம் தருகிறது. வாய்ப்பேச்சில் கடை நடத்துபவர்கள் இதைத்தான் முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும்.