திரை வந்த பிறகு வகுப்பறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நடுநிலைப் பள்ளிக்குத் திறன் வகுப்பறை வந்திருக்கிறது. முதல் வாரம் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். இப்போது காணொலி தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் பின்வரிசையில் பேச்சு எழுகிறது. மூடுபனி நாள்களில் இணையமும் கைவிட்டுவிடுகிறது. என்ன செய்யலாம்?
- ஆசிரியை ஒருவர், ஏற்காடு

பதில்: இணையத்தின் தொல்லையை எளிதில் தீர்த்துவிடலாம். பாடநூலில் உள்ள க்யூஆர் கோடு வழியே திறக்கும் தீக்‌ஷா என்ற அரசுக் கல்விச் செயலியின் பாடங்களையும், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் செயல்விளக்கங்களையும் சேலத்துக்கு இறங்கும் நாளில் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், மலையில் இணையம் இல்லாமலே இயக்கலாம். ஃபெட்டில் மின்சுற்றைப் பிள்ளையே கம்பி இணைத்துப் பார்க்க முடியும் என்பதால், ஓடும் காணொலியைவிட அதற்கு என் வாக்கு.

பேச்சுச் சத்தத்துக்கான காரணம் வேறு. காணொலி ஓடும்போது பிள்ளைகளுக்குச் செய்வதற்கு எதுவும் இருப்பதில்லை. மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் பதிவு செய்தார். அந்த இடைவெளியை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள், பதிலே வராத கேள்விகள் குறைந்தன. வகுப்பின் மௌனத்தில் மூன்று விநாடி என்பது நெடுநேரமாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள்.

அப்போதும் கை தூக்குபவர்கள் அதே நாலைந்து பேராகத்தான் இருப்பார்கள். எல்லோருடைய பதிலும் ஒரே நேரத்தில் உங்கள் கண்ணில் பட வேண்டும். பிளிக்கர்ஸ் என்ற செயலியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையின் எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுவே அவர்களுடைய விடை. ஆசிரியர் தம் கைப்பேசிக் கேமராவை வகுப்பை நோக்கி ஒருமுறை திருப்பினால் யார் என்ன சொன்னார் என்பது பதிவாகிவிடும். பிள்ளைகளுக்குக் கைப்பேசி தேவையில்லை. ஆனால் அதற்கும் இணையம் வேண்டும். உங்கள் ஊரில் சிலேட்டே போதும். "எழுதுங்கள், மூன்று எண்ணியதும் தூக்கிக் காட்டுங்கள்" என்றால் அதே வேலை முடிந்துவிடும்.

கருவியைவிடக் கேள்வி எப்படி அமைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தசம எண்களை எடுத்துக்கொள்வோம். 0.4, 0.35, 0.125 ஆகியவற்றுள் பெரியது எது என்று கேளுங்கள். 0.125 என்று எழுதும் பிள்ளை, புள்ளிக்குப் பின் வருவதை முழு எண்ணாகப் படித்து, 125 என்பது 4ஐவிடப் பெரிது என்று முடிவு செய்கிறது. 0.4 என்று சரியாக எழுதியவர்களையும் உடனே நம்பிவிடாதீர்கள். இலக்கம் குறைவாக உள்ள எண்ணே பெரியது என்று தவறாக எண்ணும் பிள்ளைக்கும் இதே விடைதான் கிடைக்கும். ஆகவே இரண்டாவதாக, 0.3 பெரியதா, 0.45 பெரியதா என்று கேளுங்கள். அங்கே அந்தப் பிள்ளை 0.3 என்று எழுதிப் பிடிபடும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகாது; அடுத்து யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். திறன் பலகையில் இந்தக் கேள்விகளைப் போடலாம், சாக்பீஸால் எழுதினாலும் குறைவொன்றும் இல்லை.

கேள்வி: மகன் ஒன்பதாம் வகுப்பு. கைப்பேசியில் பாடக் காணொலிகளை மணிக்கணக்கில் பார்க்கிறான். கேட்டால் "எல்லாம் புரிந்துவிட்டது, அப்பா" என்கிறான். மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. நான் தறி ஓட்டுகிறவன், பாடம் சொல்லித்தரத் தெரியாது.
- வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. நன்றாக விளக்குபவர் விளக்கும்போது நமக்கே தெரிந்துவிட்டது போல இருக்கும். அந்த உணர்வுதான் ஏமாற்றுகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பத்தியை மறுமுறையும் படித்தார்கள். மற்றொரு பிரிவினர் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: மறுபடி படித்தவர்கள் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

ஆகவே ஒரு காணொலி முடிந்ததும் கைப்பேசி உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். அவன் ஒரு வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதட்டும், பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனவற்றைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். அதே தாளை மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை, பார்க்காமல் எழுத வேண்டும். உங்களுக்குப் பாடம் தெரியாதது ஒருவகையில் நல்லதுதான்: பாடத்தின் பின்பக்க வினாக்களை நீங்கள் வாசியுங்கள், அவன் உங்களுக்குப் புரியும்படி சொல்லட்டும். அவன் தடுமாறும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள், அது போதும். பள்ளியில் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது எது என்பது அந்தப் புள்ளிகளிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள், ன, ண, ள, ல எல்லாம் மாறிப்போகின்றன. வாசிப்புச் செயலி ஒன்றைப் பணம் கட்டி வாங்கச் சொல்கிறார்கள்.
- வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: இப்போது வாங்காதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் உண்டு. அதில் குறையில்லை என்றால், வகுப்பாசிரியர் வழியாக வட்டார வள மையத்தில், கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கென உள்ள சிறப்பாசிரியரை அணுகுங்கள். கற்றல் குறைபாடு என்று தெரியவந்தால், பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளுக்கு மருத்துவச் சான்று உதவும். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று வாசிப்பு நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. வீட்டிலும் அவள் வகுப்பை மறந்து, அவளால் வாசிக்கக்கூடிய நிலையிலிருந்தே தொடங்குங்கள். இரவில் பத்து நிமிடம், அவள் சத்தமாக வாசிக்க நீங்கள் கேட்டால் போதும். நடுவில் திருத்தாதீர்கள்.

கேள்வி: காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் எங்கள் பள்ளியில் பாதி வகுப்பு காலியாகிவிடுகிறது. பெற்றோருக்கு அனுப்பும் செய்திகளுக்குப் பதிலே இல்லை.
- தலைமையாசிரியர், சேர்வராயன் மலைக் கிராமம்

பதில்: எழுத்தில் வரும் செய்தியை வாசிக்க முடியாத பெற்றோருக்கு அதை எத்தனை முறை அனுப்பினாலும் பயனில்லை. வாட்ஸ்அப்பில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, வகுப்பாசிரியரின் குரலில் அரை நிமிடப் பதிவு அனுப்புங்கள். பிள்ளை வராத முதல் நாள் மாலையிலேயே அனுப்புங்கள். வராத பிள்ளைகளில் பலர் பறிக்கப் போவதில்லை, தாய் தோட்டத்துக்குப் போனபின் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறார்கள். அந்தச் சின்னக் குழந்தையை அங்கன்வாடியில் விட ஏற்பாடு செய்தால் மூத்த பிள்ளை பள்ளிக்கு வந்துவிடும். பறிக்கவே அழைத்துச் செல்கிறார்கள் என்றால், 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம் என்பதைத் தோட்ட மேற்பார்வையாளரிடம் நேரில் சொல்லுங்கள். பெற்றோரிடம் அதட்டலாகச் சொல்ல வேண்டாம். அரையாண்டுத் தேர்வும் பறிப்பும் ஒரே காலத்தில் வருவதால், தீபாவளி விடுமுறைக்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோரையே அதில் பேச வையுங்கள்.