19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மருத்துவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ். 1856இல் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். சின்ன வயதிலேயே அப்பா காசநோயில் இறந்துவிட்டார். முடிதிருத்தும் வேலை பார்த்தவர், அப்புறம் ஒரு டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்து, 1883இல் சிகாகோவில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

அவர் பெயரைச் சொன்னாலே எல்லோரும் 1893 ஜூலையில் நடந்த ஆபரேஷனைத்தான் சொல்வார்கள். கைகலப்பில் நெஞ்சில் கத்திக்குத்து வாங்கிய ஜேம்ஸ் கார்னிஷ் என்பவரைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரே வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஆன்டிபயாடிக் கிடையாது. ரத்தத்தில் வகைகள் உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. வெளியே பார்க்கக் காயம் சின்னதுதான். ஆனால் ஆள் மோசமாகிக்கொண்டே போக, வில்லியம்ஸ் நெஞ்சைத் திறந்து, இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையின் கிழிசலைத் தைத்தார். 51 நாள் கழித்து கார்னிஷ் வீடு திரும்பினார். அதன்பின் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார்.

இதை 'உலகின் முதல் இதய ஆபரேஷன்' என்று பகிர்கிறார்கள். அது சரியில்லை. இதயத் தசையில் அவர் தையல் போடவில்லை. உறையைத் தைப்பதையும் 1891லேயே செயின்ட் லூயிஸில் ஹென்றி டால்டன் செய்திருந்தார். முதல் ஆள் என்ற பட்டம் இல்லாமலே வில்லியம்ஸ் பெரிய மனிதர்தான்.

என்னைக் கட்டிப்போடுவது அந்த ஆபரேஷன் நடந்த இடம். எம்மா ரெனால்ட்ஸ் என்ற பெண்ணை, கறுப்பினத்தவர் என்பதால் சிகாகோவின் நர்ஸிங் பள்ளிகள் சேர்க்க மறுத்தன. அவருடைய சகோதரர் வில்லியம்ஸிடம் வந்து உதவி கேட்டார். சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். வில்லியம்ஸ் ஊரில் பணம் திரட்டி, 1891இல் பிராவிடென்ட் மருத்துவமனையையே தொடங்கினார். வெறும் 12 படுக்கைகள், கூடவே ஒரு நர்ஸிங் பள்ளி. கறுப்பர், வெள்ளையர் இருவருமே அங்கே டாக்டர்களாக வேலை பார்த்தார்கள், நோயாளிகளாகவும் வந்தார்கள். கார்னிஷைத் தூக்கி வந்தது அங்கேதான்.

அரசுப் பணியிலும் அவர் இருந்தார். 1889இல் இல்லினாய் மாநிலச் சுகாதார வாரியத்தில் உறுப்பினரானார். 1894இல், விடுதலை பெற்ற அடிமைகளுக்காக வாஷிங்டனில் தொடங்கப்பட்ட ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அங்கேயும் ஒரு நர்ஸிங் பள்ளியைத் தொடங்கினார்.

எம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பிராவிடென்டில் நர்ஸிங் முடித்தார். அதோடு நிற்காமல் மருத்துவமும் படித்து 1895இல் டாக்டரானார்.