ஓட்டுப் போடச் சொல்லிக் கடிதம் அனுப்பினால் யாராவது கேட்பார்களா?

கேட்பார்கள். ஆனால் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2006 ஆகஸ்ட் முதல்நிலைத் தேர்தலுக்கு (கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) முன் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற அரசியல் அறிவியலாளர்கள் மூவரும் இதைச் சோதித்தார்கள். சுமார் 1,80,000 வீடுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சுமார் 80,000 வீடுகளுக்கு நான்கு வகைக் கடிதங்கள் போட்டார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை.

கடிதம் வராதவர்களில் ஓட்டுப் போட்டவர்கள் 29.7 சதவீதம். 'வாக்களிப்பது குடிமகனின் கடமை' என்ற கடிதம் அதை 31.5 ஆக்கியது, அவ்வளவுதான். நான்காவது கடிதம்தான் வில்லங்கமானது. முந்தைய தேர்தல்களில் அந்த வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் ஓட்டுப் போட்டார்களா என்று பெயர் பெயராகப் பட்டியல் போட்டு, தேர்தல் முடிந்ததும் புதிய பட்டியல் வரும் என்றும் எழுதியிருந்தது. (யாருக்குப் போட்டார் என்பது ரகசியம், போட்டாரா என்பது அங்கே பொதுப் பதிவேட்டில் உண்டு.) அந்த வீடுகளில் வாக்குப்பதிவு 37.8 சதவீதம்! ஒற்றைக் கடிதத்துக்கு 8 சதவீதப் புள்ளி உயர்வு என்பது இந்த மாதிரி ஆய்வுகளில் அபூர்வம்.

அப்புறம் ஏன் எல்லாக் கட்சியும் இதைச் செய்வதில்லை? 'என் விஷயம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதற்கு?' என்று வாக்காளர் கொதித்தால் அந்தக் கோபம் வேட்பாளர் தலையில்தான் விடியும். அதனால் காஸ்டாஸ் பனகோபூலோஸ் என்ற இன்னொரு அரசியல் அறிவியலாளர் பின்னர், போன முறை வாக்களித்ததற்கு நன்றி சொல்லும் கடிதத்தைச் சோதித்தார். அதுவும் வாக்குப்பதிவைக் கூட்டியது, ஆனால் குறைவாக.

ஒன்று கவனிக்க: மிச்சிகனில் நடந்தது பரபரப்பில்லாத தேர்தல். அதிபர் தேர்தலில் இதே கடிதம் இதே அளவு வேலை செய்யும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.