பதில்: ரெண்டு ஃபைல்லயும் 10.1 தான், ஆனா மெர்ஜ் ஆகமாட்டேங்குது

0.1 டிகிரி செல் (கட்டம்) இருக்கிற உங்க ரெண்டு ஃபைலையும் லேட், லாங் (அட்சரேகை, தீர்க்கரேகை) வெச்சு மெர்ஜ் பண்ணா, எண் ஒண்ணாத்தான் தெரியுது, ஆனா பெரும்பாலும் சேரலைன்னு கேட்டிருந்தீங்க. மெர்ஜுக்கு முன்னாடி ரெண்டு ஃபைலோட லேட், லாங்கையும் முதல்ல ஃப்ளோட்64 (தசம எண்ணை 64 பிட்ல அதிக துல்லியமா வெக்கிற வகை) ஆக்குங்க, அப்புறம் 4 தசமத்துக்கு ரவுண்ட் பண்ணுங்க. இந்த வரிசை மாறக்கூடாது, ஃப்ளோட்32-லயே (32 பிட், துல்லியம் கம்மி) ரவுண்ட் பண்ணிட்டு மாத்தினா பழைய பிழை அப்படியே கூட வந்துரும்.

ஒரு ஃபைல் ஃப்ளோட்32-ல சேவ் ஆகியிருக்கும்னு நினைக்கிறேன். அதுல 10.1-ங்கிறது உண்மையில 10.10000038, பிரிண்ட் பண்ணும்போது சுருக்கி காட்டுறதால கண்ணுக்கு தெரியாது. 10.0, 10.5 மட்டும் மேட்ச் ஆகுது மத்ததெல்லாம் காலின்னு சொன்னீங்கல்ல, அதுதான் துப்பு, ஏன்னா 0.5 பைனரில துல்லியமா உக்காரும், 0.1 உக்காராது.

ரவுண்ட் பண்ணா டேட்டா கெட்டுருமோன்னு பயப்படாதீங்க. 180 டிகிரி பக்கத்துல கூட ஃப்ளோட்32-ல அடுத்தடுத்த எண்ணுக்கு இடைவெளி சுமார் 0.000015 டிகிரி, தரையில 2 மீட்டருக்குள்ள, உங்க 0.1 டிகிரி செல்லோ 11 கிலோமீட்டர்.

செக் பண்ண, ரெண்டு ஃபைலோட லாங் அரேயையும் (எண் வரிசை) ஒண்ணுலேருந்து ஒண்ணு கழிச்சு பெரிய வித்தியாசம் எவ்வளவுன்னு பாருங்க. 0.00001 அளவுல இருந்தா இதேதான். 0.05 வந்தா ரவுண்டிங் இல்ல, ஒண்ணு செல் மையத்தையும் இன்னொண்ணு ஓரத்தையும் குறிக்குது, அங்க ரவுண்ட் பண்ணி ஒட்டவெச்சா அரை செல் தள்ளிப்போய் தப்பான இடத்து மதிப்பு வந்துரும், தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க.

1/120 டிகிரி மாதிரி நெருக்கமான கிரிட்டுக்கு (செல்களோட வலை) 2 தசமத்துக்கு ரவுண்ட் பண்ணா பத்தாது, சில பக்கத்து செல்கள் ஒரே எண்ணா ஆயிரும். அதுக்கு கிரிட்டோட தொடக்க மதிப்பை கழிச்சு ஸ்டெப்பால (செல் இடைவெளி) வகுத்து, முழு எண் இன்டெக்ஸா (வரிசை எண்) மாத்தி அதை வெச்சு சேர்க்கிறதுதான் நல்லது.