பாய்மரப் படகுக்குக் காசு கட்டும் முன்

வெளிநாட்டுக் கடலில் கணவனும் மனைவியுமாகப் பாய்மரப் படகில் ஒரு வாரம் சுற்றிவரும் ஆசை பற்றிச் சில கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை அவற்றுக்கே இடம்.

கணவரிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது. கிறீஸில் நாங்கள் இருவர் மட்டும் படகை எடுத்து ஓட்டலாமா? (வாசகி, தெஹிவளை)

முடியாது. ஒருவரிடம் பாய்மரப் படகு ஓட்டும் சான்றிதழ் இருக்க வேண்டும். மற்றவரும் தனக்கு அனுபவம் உண்டென்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். குரோஷியா என்றால் கடலில் மற்றப் படகுகளோடும் கரையோடும் பேசும் விஎச்எஃப் ரேடியோவுக்கான சான்றிதழும் கேட்பார்கள். சும்மா கையொப்பம்தானே என்று வைத்துவிடாதீர்கள். அவர் தண்ணீரில் விழுந்தால் படகைத் திருப்பிக்கொண்டு வரவேண்டியவர் நீங்கள்தான்.

25ஆவது திருமண நாளுக்குக் குரோஷியாவின் ஸ்பிளிட் போனோம். கொழும்பு முகவர் “எல்லாம் சேர்த்து” என்று ஒரு விலை சொல்லிக் காசு வாங்கினார். படகுத்துறையில் போய் நின்றால் துப்புரவுக்கு, படுக்கை விரிப்புக்கு, கரைக்குப் போய்வரக் கூடவே தரும் சிறு படகின் எஞ்சினுக்கு, படகை ஓட்டும் ஸ்கிப்பரின் சம்பளத்துக்கு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். (தம்பதி, வெள்ளவத்தை)

நல்ல நாளும் அதுவுமாக உங்களைத் துறையில் நிறுத்தி வைத்துக் காசு கேட்டிருக்கிறார்கள். வாசிக்கவே வயிறெரிகிறது. முகவர் இங்கேதான் இருக்கிறார், விடாதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1977க்கு அழைத்தும் விசாரிக்கலாம். “எல்லாம் சேர்த்து” என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன், இந்தத் தொழிலில் முதலில் சொல்லும் விலை வெறும் படகின் விலை. ஸ்கிப்பருக்கு நாட்கூலி, அவருடைய சாப்பாடு, டீசல், ஒவ்வொரு இரவும் துறைக் கட்டணம், ஆளுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி எல்லாம் அதற்கு மேலே வரும். ஸ்கிப்பர் படுக்க ஒரு கேபினும் வேண்டும். இரண்டு கேபின் படகென்றால் ஒன்று அவருக்குத்தான். ஒரு வாரம் என்பதும் முழு வாரமல்ல. சனி மாலை ஐந்து மணியளவில் படகைத் தருவார்கள், அடுத்த வெள்ளி மாலையே துறைக்குத் திரும்ப வேண்டும், சனி காலை ஒன்பதுக்குள் இறங்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டே மறைக்கிறவர் செய்வது பச்சை ஏமாற்று.

அப்புறம், படகு சேதமானால் ஈடுகட்ட வாங்கும் வைப்புப் பணம். 2,000 யூரோ கேட்பது சாதாரணம், அதைக் கடனட்டையில் பிடித்து வைப்பார்கள். உங்கள் அட்டையின் எல்லை ரூபாயில் இருப்பதால் அன்றைய மாற்று விகிதத்தில் அது போதுமா என்று இங்கிருந்தே வங்கியில் கேளுங்கள். படகைப் பொறுப்பேற்கும்போது சுக்கான், நங்கூரச் சங்கிலி, ஏற்கெனவே உள்ள கீறல்கள், சிறு படகின் அடிப்பாகம் எல்லாவற்றையும் அவர்களின் ஆள் பக்கத்தில் நிற்கவே வீடியோ எடுங்கள். பாயை முழுதாக விரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் தையல் விட்டிருந்தால் பட்டியலில் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகே கயிற்றை அவிழ்க்க விடுங்கள்.

பேஸ்புக்கில் 40 வீதம் கழிவு என்று பார்த்து ஒருவரின் கணக்குக்கு முழுக் காசையும் அனுப்பினேன். இப்போது அந்தப் பக்கமே இல்லை. (வாசகர், கொட்டாஞ்சேனை)

தம்பி, ஏமாற்றியவன்தான் குற்றவாளி, நீங்கள் வெட்கப்பட எதுவுமில்லை. இன்றைக்கே வங்கிக்குப் போய்க் காசைத் திருப்பி அழைக்க எழுத்தில் கோருங்கள். பொலிஸின் கணினிக் குற்றப் பிரிவில் முறைப்பாடு செய்யுங்கள். காசை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டு வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், அது அடுத்த மோசடி. கடனட்டையில் கட்டியிருந்தால் வங்கி மூலம் மறுத்துக் கேட்க வழி உண்டு. படகுக் காசை அட்டையிலேயே கட்டுங்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதற்காகத்தான்.

புறக்கோட்டையில் மலிவாக உயிர்காப்பு அங்கி பார்த்தோம். வாங்கிக்கொண்டு போகவா? (வாசகி, கிருலப்பனை)

வேண்டாம், படகிலேயே தருவார்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் முத்திரையைப் பாருங்கள். அங்கி ஆளை மிதக்க வைக்கும் விசை அதில் நியூட்டன் கணக்கில் இருக்கும். 50 நியூட்டன் கரையோரம் நீந்தத் தெரிந்தவருக்கு. திறந்த கடலுக்கு 150. அந்தப் பக்கம் ஒரு கடையில் “தண்ணீர் புகாது” என்று எனக்கு விற்ற போன் பை, நிலாவெளியில் முதல் முக்கிலேயே நிரம்பிவிட்டது. பற்றுச்சீட்டு இல்லை என்று கடைக்காரர் கையை விரித்தார். போனது போன் மட்டும். அங்கியில் அந்த ஏமாற்று நடந்தால் போவது உயிர்.

படகும் விமானச்சீட்டும் பதிவு செய்தாயிற்று. பத்து நாளில் பயணம், விசாவுக்கு இனித்தான் போட வேண்டும். பிரச்சினை வருமா? (வாசகர், பம்பலப்பிட்டி)

வரும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் இருந்து குரோஷியாவும் அதற்குள்தான். இவ்வளவு காசு கட்டுமுன் ஐந்து நிமிடம் இதைப் பார்த்திருக்கக் கூடாதா? படகுக்காரரிடம் இன்றே திகதி மாற்றக் கேளுங்கள்.

ஜூலையில் கிறீஸின் மிக்கொனோஸ், சந்தோரினி தீவுகள் பக்கம் நல்லதா? மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. (வாசகர், கொழும்பு 13)

ஜூலையிலும் ஆகஸ்டிலும் அங்கே மெல்தெமி என்ற வடகாற்று நாட்கணக்கில் பலமாக அடிக்கும். கிறீஸின் மேற்குக் கரைத் தீவுகளான கோர்பு, லெஃப்காடா பக்கம் போங்கள், காற்று மென்மையாக இருக்கும். முடிந்தால் பயணத்தை செப்டெம்பருக்குத் தள்ளுங்கள்.

பயணத்துக்குப் பெரிய சூட்கேஸ் இரண்டு வாங்கலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

வாங்காதீர்கள். கேபினில் அதை வைக்க இடமில்லை. மடித்து வைக்கக்கூடிய துணிப் பை போதும்.