ராணியின் தலை போய் மந்தாரைப் பூ வந்த கதை: ஹாங்காங், மக்காவ் கேள்வி-பதில்

கே: பிரிட்டன் 1997இல் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்தது. ஆனால் சீனாவிடம் எடுத்த 99 வருடக் குத்தகை ஹாங்காங்கின் நியூ டெரிட்டரீஸ் பகுதிக்கு மட்டும்தானே? பிறகு ஏன் பிரிட்டன் ஹாங்காங் தீவையும் சேர்த்துக் கொடுத்தது?

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். தீவும் (1842) கவ்லூனும் (1860) நிரந்தரமாக எழுதி வாங்கியவை, 1898இல் குத்தகைக்கு எடுத்தது மீதியை. ஆனால் அந்த மீதிதான் மொத்த நிலத்தில் 85 சதவீதத்துக்கும் மேல். வீட்டை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் எவ்வளவு நாள் குடித்தனம் நடத்த முடியும்? 1997க்கு அப்பால் அங்கே மனைக்குப் பத்திரம் எப்படிப் போடுவது என்ற கவலையோடுதான் ஆளுநர் மெக்லஹோஸ் 1979இல் பெய்ஜிங் போனார்.

கே: 1984இல் சீனாவோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து, 1997இல் ஒப்படைப்பு. நடுவில் 13 வருடம் என்னதான் செய்தார்கள்?

ப: கொடி மாற்றுவது ஒரு நிமிட வேலை, தலைவலி எல்லாம் சட்டத்தில்தான். ஹாங்காங்கின் சட்டங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன, 1989இலிருந்துதான் புதுச் சட்டங்கள் இரண்டு மொழியிலும் வரத் தொடங்கின, பழையவை 500க்கும் மேல், அத்தனையையும் 1997க்குள் சீனத்தில் பெயர்த்து முடித்தார்கள். லண்டனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போய்க்கொண்டிருந்த மேல்முறையீட்டுக்கு உள்ளூரிலேயே ஓர் இறுதி நீதிமன்றம் ஏற்பாடானது. 1993இல் அரசு ஊழியர்களின் உச்சப் பதவியில் முதல்முறையாக ஒரு சீனர், ஆன்சன் சான். அதே வருடம் நாணயத்திலிருந்து பிரிட்டிஷ் ராணி போய் ஹாங்காங்கின் சின்னமான மந்தாரைப் பூ வந்தது. இதெல்லாம் நிதானமாக, நன்றாகவே நடந்தது.

கே: கடைசி ஆளுநர் கிறிஸ் பாட்டன் கொண்டுவந்த தேர்தல் சீர்திருத்தம் என்ன ஆனது?

ப: அதன்படி 1995இல் தேர்ந்தெடுத்த சட்டசபை 1997ஐத் தாண்டியும் தொடரும் என்றிருந்தது. சீனா ஏற்கவில்லை, தனியாக ஒரு தற்காலிகச் சபையை அமைத்து எல்லைக்கு அப்பால் சீன நகரமான ஷென்ஜெனில் கூட்டியது. ஓட்டுரிமையைக் கடைசி ஐந்து வருடத்தில் விரிவாக்கப் பார்த்தால் இப்படித்தான், அந்த வேலையை முப்பது வருடம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

கே: போர்ச்சுகல் 1999இல் சீனாவிடம் ஒப்படைத்த மக்காவ்வில் ஏன் இத்தனை சத்தம் இல்லை?

ப: தன் நாட்டில் நடந்த 1974 புரட்சிக்குப் பிறகு போர்ச்சுகலுக்கே வெளியேறும் எண்ணம்தான். ஆனால் தயாரிப்பில் ரொம்பப் பின்தங்கிவிட்டது: மேல் அதிகாரிகள் போர்ச்சுகல்காரர்கள், நீதிமன்ற மொழி போர்த்துகீசியம், புது சிவில் சட்டத் தொகுப்பே 1999இல், ஒப்படைக்கச் சில மாதம் இருக்கும்போதுதான் வந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் தாராளம், 1981 நவம்பருக்கு முன் மக்காவ்வில் பிறந்த சீனர்களுக்கும் முழு போர்த்துகீசியக் குடியுரிமை. பிரிட்டனோ ஹாங்காங்வாசிகளுக்கு பிரிட்டனில் குடியேற உரிமை தராத பிஎன்ஓ (பிரிட்டிஷ் நேஷனல் ஓவர்சீஸ்) பாஸ்போர்ட்டை நீட்டியது.

கே: ஹாங்காங் இந்தியர்கள் என்ன ஆனார்கள்?

ப: இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வைத்திருந்தவர்களுக்குச் சிக்கலில்லை. சிந்திகள், பஞ்சாபிகள், நம் காயல்பட்டினத்துக்காரர்கள் என்று அங்கே வேரூன்றியவர்களில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் இருந்தவர்கள்தான் மாட்டினார்கள்: சீன வம்சாவளி இல்லாததால் சீனக் குடியுரிமை தானாக வராது, பிஎன்ஓவை வைத்துக்கொண்டு அப்போது பிரிட்டனில் வாழவும் முடியாது. பல வருடம் மன்றாடிய பிறகு, ஒப்படைக்க ஐந்து மாதம்கூட இல்லாத 1997 பிப்ரவரியில்தான் லண்டன் இறங்கிவந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாத இந்தச் சிறுபான்மையினர் முழு பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழிவிடும் சட்டம் மார்ச்சில் நிறைவேறியது.