ஒரே வார்த்தையில் மன்னித்திருக்கலாமே?

கேள்வி: கடவுள் அன்பானவர் என்றால் 'போ, மன்னித்தேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே? இயேசு சிலுவையில் சாக வேண்டிய அவசியம் என்ன?

பதில்: வேதபாட வகுப்பில் சிறுவர்கள் என்னிடம் பட்டென்று கேட்பது இதைத்தான். பெரியவர்கள்தான் தயங்குவார்கள்!

மன்னிப்பு இலவசமாகத் தெரிவது வாங்குகிறவருக்கு மட்டுமே. கடனைத் தள்ளுபடி செய்கிறவர் அந்த நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். அப்படிக் கடவுளே ஏற்றுக்கொண்டார் என்பதுதான் எங்கள் விசுவாசம். கோபக்காரத் தகப்பன், அப்பாவி மகன் என்று பிரித்துப் பேசும் பிரசங்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் (உறவைச் சரிசெய்தவர்) தேவனே என்கிறார் அப்போஸ்தலர் பவுல் (2 கொரிந்தியர் 5:19).

சிலுவை அன்று கழுத்தில் போடும் நகையல்ல. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர்கள் வைத்திருந்த அவமானச் சாவு. மாற்கு நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். நடுப்பகலில் இருள் சூழ்கிறது. பிற்பகல் மூன்று மணி வாக்கில், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு கதறுகிறார். வேதாகமத்தின் பக்திப் பாடல்களில் ஒன்றான 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கம் அது. ஒருவன் ஓடிப்போய்க் கடற்காளானை (கடற்பஞ்சை) காடியில் (புளித்த திராட்சரசத்தில்) தோய்த்து, கோலில் மாட்டி அவருக்குக் குடிக்க நீட்டுகிறான். 'கடவுளும் கைவிட்டுவிட்டார்' என்று அழுகிறவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். அவர்கள் நிற்கும் இடத்துக்கே அவரும் வந்திருக்கிறார்.

நமக்குரிய தண்டனையை ஏற்றாரா, மரணத்தை முறியடித்தாரா, அன்பைக் காட்டினாரா? சபைக்குச் சபை அழுத்தம் மாறும். கி.பி. 381-இல் வகுக்கப்பட்ட நிசேயா விசுவாச அறிக்கையோ, ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் 'நமக்காக' சிலுவையில் அறையப்பட்டார், பாடுபட்டார், அடக்கம்பண்ணப்பட்டார் என்பதோடு நிறுத்திக்கொண்டு, உயிர்த்தெழுதலுக்குப் போய்விடுகிறது.